மெய்நிகர்ப் பந்தயமும் அமானிதமும்

தமிழ்த்துறை மலரில் கார்ப் பந்தயத்துக்கு என்ன வேலை என்று சான்றோர் சிலர் வினவக்கூடும். அவ்வினா முறையானதே. ஆயினும், நம் இளைஞர்கள் தம் மாலைப் பொழுதினை எங்கே, எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதை ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம் பயக்கும். வீட்டில் கணினித் திரையின் முன் அமர்ந்து, மேசையில் பொருத்திய ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டு, வெவ்வேறு நாடுகளில் இருப்போர் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் கார் ஓட்டிப் போட்டியிடும் விளையாட்டு இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அதற்கெனக் கூட்டமைப்புகள் உண்டு, விதிகள் உண்டு, நடுவர்கள் உண்டு, புள்ளிப் பட்டியலும் தண்டனையும் உண்டு.

இதனைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அடுத்தடுத்த இரு நாள்களில் நிகழ்ந்த இரு போட்டிகள், இவ்விளையாட்டு மனிதனின் நேர்மையை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாகவும் அமையும் என்பதைக் காட்டின. அவற்றை விளக்குவதும், அவற்றினின்று நாம் பெறத்தக்க படிப்பினையைச் சுட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

முதலில் இரு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 'பந்தயம்' என்னும் சொல் தமிழில் ஓட்டப் போட்டியையும் குறிக்கும். பணம் வைத்துக் கட்டும் சூதினையும் குறிக்கும். சூது நமக்கு விலக்கப்பட்டது. ஆனால் திறனை வளர்க்கும் போட்டி விலக்கப்பட்டதன்று. குதிரையோட்டத்தையும் அம்பெய்தலையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்ததை நம் பெரியோர் நன்கறிவர். இக்கட்டுரையில் பந்தயம் என்பது திறன் போட்டி என்னும் பொருளிலேயே ஆளப்படுகின்றது.

அடுத்தது 'மெய்நிகர்' என்னும் சொல். கணினி படைத்துக் காட்டும் உலகுக்கு நம் கலைச்சொல்லாக்க அறிஞர்கள் இட்ட பெயர் இது. மெய்க்கு நிகரானது, ஆயினும் மெய்யன்று என்பது பொருள். தமிழில் 'மெய்' என்பதற்கு உண்மை என்றும் உடல் என்றும் இரு பொருள்கள் உள்ளமை மாணவர் அறிந்ததே. மெய்நிகர்ப் பந்தயத்தில் ஓட்டுநரின் உடலாகிய மெய் களத்தில் இல்லை. உண்மையாகிய மெய்யாவது அங்கே இருக்கின்றதா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

மொனாக்கோவின் குறுந்தெரு

மத்தியதரைக் கடலோரத்தில் ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர் பரப்பே உடைய குறுநாடு மொனாக்கோ. அங்கு 1929ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் முதல் கிராண்ட் பிரீ பந்தயம் நடைபெற்றது. பிற நாடுகளில் பந்தயத்துக்கெனத் தனிப் பாதைகள் அமைப்பர். மொனாக்கோவிலோ மக்கள் அன்றாடம் நடமாடும் தெருக்களே இரும்புத் தடுப்புகளால் அடைக்கப்பட்டுப் பந்தயப் பாதையாகின்றன. ஒரு சுற்றின் நீளம் 3.337 கி.மீ.; வளைவுகள் 19; மொத்தச் சுற்றுகள் 78.

இப்பாதையின் அருமை அதன் நெருக்கத்தில் உள்ளது. மற்ற பாதைகளில் ஓட்டுநர் தவறினால் அகன்ற மணற்பரப்போ வெற்றுத் தளமோ காரை ஏற்றுக்கொள்ளும். இங்கே ஒரு சாண் தவறினால் தடுப்புச் சுவர். கொண்டையூசி போல் வளையும் ஒரு திருப்பத்தில் கார்கள் மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. வேகத்துக்கு இறங்குகின்றன, அதனைக் கடந்து சிறிது தொலைவிலேயே சுரங்கப்பாதையில் 260 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் பாய்கின்றன. முந்திச் செல்ல இடம் அரிது. ஆதலின் முதல்நாள் தகுதிச் சுற்றில் முன்னிடம் பெறுவதே பாதி வெற்றி என்பர்.

1955ஆம் ஆண்டுப் பந்தயத்தில் இத்தாலிய வீரர் அல்பர்டோ அஸ்காரி தம் காருடன் துறைமுக நீரில் வீழ்ந்தார், நீந்திக் கரையேறினார். 1967ஆம் ஆண்டில் லொரென்சோ பந்தினி விபத்தில் தீக்காயமுற்று உயிரிழந்தார். 1996ஆம் ஆண்டில் மூன்றே மூன்று கார்கள் இறுதிக்கோடு வரை ஓடி முடித்தன. ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டுநரைக் கட்டுப்படுத்தியது விதிநூல் மட்டுமன்று. கைக்கெட்டும் தொலைவில் நின்ற சுவரும், அச்சுவர் நினைவூட்டிய வலியும் ஆகும்.

திரையில் எழுந்த தெரு

கொரோனாத் தொற்று உலகை முடக்கிய 2020ஆம் ஆண்டில் மொனாக்கோ பந்தயம் கைவிடப்பட்டது. 1955 முதல் ஆண்டுதோறும் தவறாது நடந்துவந்த பந்தயம் அவ்வாண்டு நின்றது. நடைபெறாத பந்தயங்களுக்கு ஈடாக, ஃபார்முலா ஒன் அமைப்பினர் மெய்நிகர்ப் பந்தயத் தொடர் ஒன்றை அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கியிருந்தனர். 'எஃப் ஒன் 2019' என்னும் கணினி விளையாட்டே களம். மெய்யான பந்தய வீரர்கள் சிலரும், பிற துறைப் புகழாளர் சிலரும் தத்தம் இல்லங்களிலிருந்தே ஓட்டினர்.

2020 மே 24ஆம் நாள் மெய்நிகர் மொனாக்கோ பந்தயம் நடைபெற்றது. துறைமுகம், சுரங்கம், கொண்டையூசி வளைவு ஆகிய அனைத்தும் திரையில் எழுந்தன. வில்லியம்ஸ் அணியின் இளம் வீரர் ஜார்ஜ் ரஸல் வென்றார். மெய்யான களத்தில் அவர் தம் முதல் ஃபார்முலா ஒன் வெற்றியைப் பெறுவதற்கு 2022 நவம்பர் வரை, பிரேசில் நாட்டுப் பந்தயம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதே தொடரில் ஏப்ரல் மாதத்தில் இருமுறை வென்றவர் மொனாக்கோவில் பிறந்த ஷார்ல் லெக்ளேர். அவர் தம் சொந்த ஊர்த் தெருக்களில், மெய்யான பந்தயத்தில், 2024ஆம் ஆண்டில் வெற்றி பெற்றார்.

அத்தொடரின் விதிகளுள் ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. எல்லாக் கார்களுக்கும் ஒரே ஆற்றல் வழங்கப்பட்டது. மோதினால் விளையும் சேதமும் குறைத்தே அமைக்கப்பட்டது. பழக்கமில்லாதோரும் பங்குகொள்ள வேண்டும் என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆயினும் அதன் விளைவைக் காண்க. சுவர் இருந்தது, சுவரின் வலி இல்லை. மொனாக்கோவின் பழைய ஆசான் அங்கே வாயிழந்து நின்றான்.

இயங்கும் முறை

இவ்விளையாட்டு எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ள கணினி, அவரவர் காரின் எடை, டயரின் பிடிப்பு, பிரேக்கின் அழுத்தம், பாதையின் சரிவு ஆகியவற்றை நொடிக்குப் பலமுறை கணக்கிடுகின்றது. ஸ்டியரிங்கினுள் உள்ள மோட்டார், டயர் வழுக்குவதையும் மேடுபள்ளத்தையும் கைக்கு உணர்த்துகின்றது. தேர்ந்தோர் பயன்படுத்தும் பிரேக் மிதி, கால் எவ்வளவு தூரம் இறங்கிற்று என்பதை அளப்பதில்லை. எவ்வளவு விசையுடன் அழுத்திற்று என்பதையே அளக்கின்றது. உடலை இருக்கையில் அழுத்தும் விசை ஒன்றுதான் இல்லை. ஆதலின் மெய்யான வீரர் முதுகால் உணர்வதை இங்கே கண்ணாலும் கையாலும் உணரப் பழக வேண்டும்.

இனி, பலரும் ஒரே பாதையில் ஓடுவது எங்ஙனம்? ஒவ்வொரு கணினியும் தன் காரின் இடத்தையும் வேகத்தையும் இணையம்வழி அனுப்புகின்றது. பிறர் கார்களின் செய்தியைப் பெற்றுத் தன் திரையில் வரைகின்றது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும் எனினும், கண்டம் கடந்து பல நிலையங்கள்வழி வரும் செய்திக்குக் காலத்தாழ்வு உண்டு. அத்தாழ்வு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். கொண்டையூசி வளைவில் மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் ஊரும் கார் அதற்குள் 1.3 மீட்டர் நகர்ந்துவிடும். சுரங்கத்தில் 260 கி.மீ. வேகத்தில் விரையும் கார் 7 மீட்டருக்கு மேல் சென்றுவிடும்.

ஆதலின் கணினி ஊகம் செய்கின்றது. இறுதியாகக் கிடைத்த இடத்தையும் வேகத்தையும் திசையையும் கொண்டு, அக்கார் இப்போது எங்கே இருக்கும் எனக் கணித்து வரைந்துவிடுகின்றது. ஓட்டுநர் திரையில் காணும் எதிராளியின் கார், உண்மையில் ஓர் ஊகமே. நேர்ப்பாதையில் ஊகம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. எதிராளி திடீரென்று பிரேக்கை அழுத்தினாலோ திசை மாற்றினாலோ ஊகம் பிழைபடும். மொனாக்கோ போன்ற தெருவிலோ ஓயாது பிரேக், ஓயாது திருப்பம். எனவே ஒருவர் திரையில் இருவருக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி இருக்கும். மற்றவர் திரையில் அதே கணம் மோதல் நிகழ்ந்திருக்கும். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் கண்டதையே சொல்கின்றனர்.

இதனை உணர்ந்த ஓட்டுநர், திரையில் இடம் தெரிந்தாலும் சற்று விலகியே ஓட்டுவார். தம் கண்ணுக்குத் தெரிவது முழு உண்மை அன்று என்பதை ஏற்று, பிறர்க்கு இடம் விட்டு நடத்தல் இங்கே நற்பண்பு மட்டுமன்று. ஓட்டும் நெறியும் ஆகும்.

நடுவர் தீர்ப்பு

கூட்டமைப்புப் போட்டிகளில் மோதல் நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர் முறையிடலாம். நடுவர் பந்தயப் பதிவை மீள ஓட்டி, முன்னிருந்தும் பின்னிருந்தும் மேலிருந்தும் பார்த்துத் தீர்ப்பளிப்பார். குற்றம் மெய்ப்பட்டால் சில நொடிகள் நேரத் தண்டனை, அடுத்த பந்தயத்தில் பின்னிடம், புள்ளிக் குறைப்பு என்றிவ்வாறு தண்டனைகள் அமையும். 'ஐரேசிங்' என்னும் புகழ்பெற்ற இணையப் பந்தய அமைப்பில், பாதை விலகுவதற்கும் பிறர் காரில் மோதுவதற்கும் குற்றப்புள்ளிகள் தாமாகவே ஏறும். தவறு யாருடையது என்று அது பார்ப்பதில்லை. 'மோதலைத் தவிர்ப்பது இருவர் கடமையும் ஆகும்' என்பதே அவ்விதியின் உட்கருத்து எனலாம்.

இவ்வாறு காரின் ஒவ்வோர் அசைவையும் பதிவு காட்டிவிடும். ஆனால் எந்தப் பதிவும் எளிதில் காட்டாத ஒன்று உண்டு. அந்த ஸ்டியரிங்கைப் பற்றியிருந்த கை யாருடையது என்பதே அது.

ஓட்டியவர் யார்?

மெய்நிகர் மொனாக்கோ பந்தயத்துக்கு முதல் நாள், அதாவது 2020 மே 23ஆம் நாள், மின்சாரக் கார்ப் பந்தயமாகிய ஃபார்முலா இ அமைப்பினர் தம் மெய்நிகர்த் தொடரின் ஒரு பந்தயத்தை நடத்தினர். குழந்தைகள் நலனுக்கான யூனிசெஃப் அமைப்புக்கு நிதி திரட்டும் அறப்பணித் தொடர் அது. அன்றைய களம் பெர்லின் நகரின் பழைய டெம்பல்ஹோஃப் விமான நிலையத் தளம்.

ஆடி அணியின் வீரர் டேனியல் அப்ட் தகுதிச் சுற்றில் இரண்டாமிடமும் பந்தயத்தில் மூன்றாமிடமும் பெற்றார். அதற்குமுன் அத்தொடரில் அவர் அத்தகைய திறன் காட்டியவர் அல்லர். சக வீரர்களுக்கு ஐயம் எழுந்தது. ஓட்டுநர் முகத்தைக் காட்ட வேண்டிய கேமராவில் அவர் முகம் தெளிவாகத் தெரியவில்லை. அமைப்பாளர்கள் இணைய முகவரிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, ஓட்டியவர் அவர் அல்லர் என்று முடிவு செய்தனர். அவர் பெயரில் ஓட்டியவர் கணினிப் பந்தயத்தில் தேர்ந்த இளைஞர் ஒருவர்.

அப்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். போட்டியினின்று நீக்கப்பட்டார், 10,000 யூரோ அறப்பணிக்கு வழங்குமாறு பணிக்கப்பட்டார். மே 26ஆம் நாள் அவருடைய அணி அவரை இடைநீக்கம் செய்தது. ஃபார்முலா இ தொடங்கிய 2014ஆம் ஆண்டு முதல் அவர் ஓட்டிவந்த அணி அது. அவ்வணிக்கு அவர் மீளவில்லை. அதே ஆகஸ்டு மாதத்தில், அதே டெம்பல்ஹோஃப் தளத்தில், மெய்யான பந்தயங்களில் வேறோர் அணிக்காக ஓட்டினார் என்பது காலத்தின் விந்தை.

அப்ட் தரப்பு விளக்கத்தையும் கூறுதல் நீதி. வேடிக்கையாகவே அதனைச் செய்ததாகவும், பின்னர் அதனைத் தாமே வெளியிட எண்ணியிருந்ததாகவும் அவர் காணொளியில் விளக்கினார். வீட்டு அறையில் ஆடும் விளையாட்டுக்காக ஒருவரின் பிழைப்பைப் பறிக்கலாமா என்று அவருக்காக வருந்தியோரும் உண்டு. அவர் உள்ளத்தின் நிய்யத்து இறைவனுக்கே வெளிச்சம். ஆனால் அன்று அவருடன் ஓட்டியோர் அனைவரும் தம் பக்கத்தில் ஓடியவர் அவரே என்று நம்பித் தம் உழைப்பைக் கொடுத்தனர். அந்நம்பிக்கை அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அது வேடிக்கைக்குரிய பொருள் அன்று.

அமானிதம்

அவ்விரு நாள்களும் நம் நாட்டில் ரமலான் மாதத்தின் 29ஆம், 30ஆம் நோன்புகளாக அமைந்தன. பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. மே 25ஆம் நாள் பெருநாள் தொழுகையை நாம் இல்லங்களிலேயே நிறைவேற்றினோம். நோன்பு என்பது பிறர் காணாத வணக்கம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குவளை நீர் பருகினால் அறிபவர் எவருமில்லை. ஆயினும் சிறுவனும் பருகுவதில்லை. இறைவன் காண்கின்றான் என்னும் உணர்வு ஒன்றே அங்கே நடுவர்.

இங்கு என் குறையையும் கூறாது விட்டால் இக்கட்டுரை நிறைவுறாது. அவ்வாண்டு செப்டம்பர் தொடங்கிப் பல்கலைக்கழகத் தேர்வுகள் இணையவழி நடந்தன. மாணவர் வீட்டிலிருந்தே எழுதி, விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பினர். நான் திருத்திய தாள்களுள் மூன்றில், ஒரே வினாவுக்கு, ஒரே இடத்தில், ஒரே எழுத்துப்பிழை இருந்தது. இடர் மிகுந்த காலம் என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டு மதிப்பெண் இட்டேன். மற்றொரு மாணவர் ஒரு வினாவினை எழுதாது விட்டிருந்தார். பின்னர்க் கல்லூரி திறந்தபோது காரணம் வினவினேன். "புத்தகம் பக்கத்துலதான் இருந்துச்சு ஐயா. தொறக்க மனசு வரல" என்றார். அம்மூவரைவிட அவருக்கு மதிப்பெண் குறைவு. அதனை இட்டதும் என் கையே.

ஆள்மாறாட்டத்தைக் கண்ட பந்தய அமைப்பாளர்கள், விளையாட்டுத்தானே என்று விட்டுவிடவில்லை, ஆராய்ந்தார்கள், தீர்ப்பளித்தார்கள். நானோ கல்வியிலேயே கண்டும் காணாதிருந்தேன். அமானிதம் ஓட்டுபவனுக்கு மட்டும் உரியதன்று. நடுவனுக்கும் உரியது என்பதை ஒரு கணினி விளையாட்டுச் செய்தியே எனக்கு உணர்த்திற்று. அம்மாணவரிடம் நான் இதனைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "விடுங்க ஐயா" என்றார்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் திரையின் முன் அமரும் வேளைகள் இனிப் பெருகுமேயன்றிக் குறையப் போவதில்லை. பாடமும் தேர்வும் வணிகமும் வேலையும் இணையவழியே வரும். தொழுகைக்கும் படிப்புக்கும் உரிய நேரத்தை விளையாட்டு விழுங்காதவாறு காத்துக்கொள்ளுங்கள். அதன்பின் விளையாடுங்கள், தவறில்லை. ஆனால் ஒன்றினை நினைவிற் கொள்ளுங்கள். மொனாக்கோவின் தெருவில் தவறு செய்தவனைச் சுவர் உடனே தடுத்தது. நீங்கள் செல்லும் பாதைகள் பலவற்றில் அத்தகைய சுவர் இராது, மோதினாலும் வலிக்காது, முகம் காட்டும் கேமராவும் சில வேளைகளில் இராது. அங்கே உங்கள் உடலாகிய மெய் இல்லாது போகலாம். உண்மையாகிய மெய் மட்டும் உங்களுடன் வரட்டும். அதற்கு வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக.